16 அவுன்ஸ் பின்கொசுவம்: மூன்று கில்ட்டுகளும் ஒரு குளிர்காலமும்

அலுவலக நண்பர் ஒருவரின் திருமணம், நவம்பர் மாதக் கடைசியில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கிழக்கே கடலைப் பார்த்த ஒரு சிறிய தேவாலயத்தில் நடந்தது. மாப்பிள்ளைத் தோழர்கள் ஐந்து பேரும் ஒரே டார்டன் கட்டத்தில் (ஸ்காட்லாந்தின் பல வண்ணக் கட்டம் போட்ட துணி) கில்ட், அதாவது ஆண்கள் முழங்கால் வரை உடுத்தும் மடிப்புப் பாவாடை, அணிய வேண்டும் என்று முடிவாகி, வாடகைக்கு எடுத்தும் கொடுத்துவிட்டார்கள். கையில் வாங்கியபோது ஒரு தடித்த சட்டையின் எடைதான் இருந்தது. சுமை இல்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் தேவாலயப் படிக்கட்டு வரைதான். கடற்காற்று கீழிருந்து மேலாக ஒரு வீச்சு வீசியது. முன்பக்கத் துணி என் மார்பில் வந்து ஒட்டிக்கொண்டது. மணமக்களோடு எடுத்த எல்லாப் படங்களிலும் நான் இரண்டு கைகளாலும் தொடையை அழுத்திக்கொண்டு வயிற்றுவலிக்காரனைப் போல நிற்கிறேன்.

என் பக்கத்தில் மணப்பெண்ணின் பெரியப்பா நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். அதே காற்றுதான், அவருடைய கில்ட் கோயில் மணியின் நாக்கைப் போல மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு அமைதியாகிவிட்டது. விசாரித்தேன். "பதினாறு அவுன்ஸ்" என்றார், வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை என்பதைப் போல.

நான் திருப்பூரில் வளர்ந்தவன். துணியைத் தொட்டவுடன் 'என்ன ஜி.எஸ்.எம்.?' என்று, அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, கேட்கும் ஊர் அது. அவுன்ஸ் கணக்கைக் கேட்டுவிட்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை மூன்று வெவ்வேறு எடைக் கில்ட்டுகளை வாங்கி, பழுது பார்த்து, உடுத்தி, நனைத்து, உலர்த்தி, எடைபோட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதுவதுதான் இது.

முதலில் அந்த அவுன்ஸ் எதன் அவுன்ஸ் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் நானே முதல் வாரம் முழுக்கத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். அது சதுர கெஜத்தின் எடை அன்று. தறியிலிருந்து வரும் முழு அகலத் துணியில் ஒரு கெஜ நீளம் வெட்டினால் என்ன எடையோ அதுதான். அந்த அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஆகவே 16 அவுன்ஸ் துணி என்றால் ஓடும் மீட்டருக்குச் சுமார் 500 கிராம். அதை ஒன்றரையால் வகுத்தால் 330 ஜி.எஸ்.எம். 13 அவுன்ஸ் துணி மீட்டருக்கு 400 கிராம், 270 ஜி.எஸ்.எம். 10 அவுன்ஸ் துணி மீட்டருக்கு 310 கிராம், 207 ஜி.எஸ்.எம். நாம் போடும் சாதாரண பனியன் துணிச் சட்டை 160 முதல் 180 வரை இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்கள் கையில் தட்டுப்படும். 10 அவுன்ஸ் துணி கொஞ்சம் தடித்த பனியன்; 16 அவுன்ஸ் அதைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ராணுவத்துக்கும் குழலிசைக் குழுக்களுக்கும் 18 அவுன்ஸ், அதற்கு மேலும் உண்டு. அது எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, கெஜக் கணக்கு. முழுமையான கில்ட்டை '8 கெஜம்' என்பார்கள். முழு அகலத் துணியில் 4 கெஜம் வாங்கி, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தலைமாடு கால்மாடாக ஒட்டினால் அரை அகலத்தில் 8 கெஜம் வரும். அத்தனை நீளமும் ஒரு மனிதனின் இடுப்பைச் சுற்றி எங்கே போகிறது? முன்னால் தட்டையாக இரண்டு அடுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக. மீதி எல்லாம் பின்னால் மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டுவிடுகிறது. ஊரில் பாட்டிகள் உடுத்திய பின்கொசுவச் சேலையைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கொசுவம் பின்னால், தைத்துவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றில் இரண்டைப் பழைய துணி விற்கும் தொண்டு நிறுவனக் கடைகளில் வாங்கினேன். ஒன்று கறுப்பும் பச்சையும் நீலமுமான 'பிளாக் வாட்ச்' கட்டம். தூக்கும்போதே கை இறங்கியது. இன்னொன்று சிவப்பு, மெல்லியது, பின்னால் மடிப்புகள் குறைவு. மூன்றாவது வாடகைக் கடை ஒன்று பழைய சரக்கைக் கழித்துக்கட்டியபோது கிடைத்தது. எதிலும் எடை எழுதிய சீட்டு இல்லை. தைத்த துணியிலிருந்து வெட்டி எடைபோடவும் முடியாது.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓர் அம்மையார். நாற்பது ஆண்டுகள் கில்ட் தைத்து ஓய்வு பெற்றவர் என்பது, நான் படிக்கட்டில் பையோடு ஏறும்போது அவர் பைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "மடிப்பை எண்ணுங்கள், ஒரு மடிப்பு எத்தனை துணி தின்கிறது என்று அளந்து பெருக்குங்கள். பிறகு தராசு இருக்கிறதே" என்றார்.

டார்டனில் இது சுலபம். கட்டம் திரும்பத் திரும்ப வருவதால், ஒவ்வொரு மடிப்பும் வழக்கமாக ஒரு முழுக் கட்டத்தை விழுங்கும். என் கறுப்புக் கில்ட்டில் 28 மடிப்புகள், கட்டம் 19.5 செ.மீ. பெருக்கினால் 546. முன்புற அடுக்குகளும் ஓரங்களில் உள்ளே மறைந்திருக்கும் ஆழமான மடிப்புகளும் சேர்ந்து 172. மொத்தம் 718 செ.மீ., அதாவது 8 கெஜத்துக்குச் சற்றுக் குறைவு. உயரம் 60 செ.மீ. என்பதால் துணியின் பரப்பு 4.3 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் கில்ட் 1 கிலோ 610 கிராம். தோல் வார், பக்கிள், உள்ளே வைத்த கேன்வாஸ், லைனிங் ஆகியவற்றுக்கு 180 கிராம் கழித்தேன்; இது என் ஊகம். மீதியைப் பரப்பால் வகுத்தால் 332. ஆக 16 அவுன்ஸ். அவுன்ஸ் ஒன்று கூடக் குறைய இருக்கலாம். நெசவாலைகள் விற்கும் எடைகளுக்கு நடுவே அதைவிட அதிக இடைவெளி இருப்பதால் குழப்பம் வராது.

வாடகைக் கடைக் கில்ட் 1 கிலோ 330 கிராம், கிட்டத்தட்ட அதே நீளம், 13 அவுன்ஸ். சிவப்பு வெறும் 740 கிராம். அதில் 15 மடிப்புகள்தான், மொத்த நீளம் 5 கெஜம், 10 அவுன்ஸ். மூன்றும் வொர்ஸ்டட் கம்பளி. நீண்ட இழைகளைச் சீவி நேராக்கி இறுக்கி முறுக்கிய நூல், சாய்வுக் கோடு விழும் ட்வில் நெசவு. இதே எடையில் பஞ்சுபோன்ற ட்வீட் துணி எடுத்தால் உள்ளே காற்று அதிகமாகத் தங்கும், சூடும் அதிகமாக இருக்கும். ஆனால் மடிப்பின் விளிம்பு கத்திபோல நிற்காது. நிற்க வேண்டும் என்பதற்காகவே வொர்ஸ்டட்.

கறுப்புக் கில்ட்டைப் பரிசோதனைக்கு முன் பழுது பார்க்க வேண்டியிருந்தது. உள் அடுக்கில் அந்துப்பூச்சி அரித்த மூன்று துளைகள். முதல் காரியமாக அதை நெகிழிப் பையில் சுற்றி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தேன்; −18 டிகிரியில் முட்டையும் புழுவும் சாகும். மீன் துண்டுக்கும் பட்டாணிக்கும் நடுவே ஒரு கில்ட் கிடந்ததைப் பார்த்து என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

துளைகளை அடைக்க நூல் வெளியே வாங்கவில்லை. இடுப்புப் பட்டைக்குள் மடக்கி விட்டிருந்த மிச்சத் துணியிலிருந்து ஊடை நூலை ஒவ்வொன்றாக உருவினேன். அதே சாயம், அதே முறுக்கு. பாவுக்கும் ஊடைக்கும் நடுவே ஊசியை ட்வில் சாய்வின்படி இரண்டு மேல் இரண்டு கீழாக விட்டு நெய்வதுபோலத் தைத்தேன். முதல் துளைக்கு இரண்டு மணி நேரம், மூன்றாவதற்கு நாற்பது நிமிடம். உள் அடுக்கு என்பதால் யார் கண்ணிலும் படாது. கீழ்வீட்டு அம்மையாரின் கண் தவிர.

கடினமானது அதற்குப் பிறகு. இடுப்பிலிருந்து பிட்டம் வரை மடிப்புகளை மேலிருந்து கீழாகக் கையால் தைத்திருப்பார்கள். அதற்குக் கீழேதான் அவை அவிழ்ந்து ஆடும். மூன்று மடிப்புகளில் அந்தத் தையல் விட்டுப்போயிருந்தது. பார்வைக்கு அது வெறும் நேர்த்தையல். உண்மையில் ஒவ்வொரு மடிப்பும் பிட்டத்தில் 1.9 செ.மீ. அகலமும் இடுப்பில் 1.5 செ.மீ. அகலமுமாக மேலே போகப் போகக் குறுக வேண்டும். குறுகும்போது கட்டத்தின் குறுக்குக் கோடுகள் பக்கத்து மடிப்பின் கோடுகளோடு ஒரே மட்டத்தில் சேர வேண்டும். தையல் வெளியே தெரியக் கூடாது. நான் முதலில் தைத்ததைப் பார்த்து அம்மையார் கேட்டார்: "இது உங்கள் ஊரில் சாக்கு தைக்கும் முறையா?" அவிழ்த்தேன். இரண்டாவது முறை தையலைச் சிறியதாக்கி, நூலை இழுத்துப் பிடிக்காமல் விட்டேன். இழுத்தால் துணி சுருங்கி மேலே குழி விழுகிறது. இந்த வேலையில் 16 அவுன்ஸ் துணி ஓர் ஆசீர்வாதம்: ஊசி துணியின் பாதி கனத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பின்னாளில் சிவப்புக் கில்ட்டில் ஒரு தையல் போட முயன்றபோது ஊசி ஒவ்வொரு முறையும் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

பிறகு தேய்ப்பு. மடிப்புகளை ஒவ்வொன்றாக நேராக்கி, வெள்ளைப் பருத்தி நூலால் குறுக்கே மூன்று வரிசை ஓட்டுத்தையல் போட்டுக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் தேய்த்தால் ஒவ்வொரு மடிப்பும் அதன் இஷ்டத்துக்குச் சாயும். ஈரத் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஆவி அடங்கி முழுக்கக் குளிரும் வரை தொடக் கூடாது. நான் ஓர் இரவு விட்டுவைத்தேன். காலையில் ஓட்டுத்தையலை உருவியபோது 28 மடிப்புகளும் சீட்டுக்கட்டைப் போல விரிந்து மூடின. அந்த நான்கு மாதங்களில் எனக்குப் பிடித்த நொடி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வெப்பமானியும் காற்றும் எல்லாம் பிறகு.

இனி குளிர். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பொதுப் புல்வெளி. ஜனவரி மாலைகளில் வெப்பம் 3, 4 டிகிரி இருக்கும்போது இருபது நிமிடம் அசையாமல் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். மெல்லிய கம்பி முனை கொண்ட இரண்டு வெப்பமானிகள். ஒன்றைத் தொடையின் முன்பக்கம், மற்றதைப் பின்னால், ஒட்டுத்துணியால் தோலில் ஒட்டிவிடுவேன். 'கில்ட்டுக்குள் என்ன' என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி ஆதலால் பதிலையும் சொல்லிவிடுகிறேன்: எல்லா நாட்களிலும் ஒரே மாதிரியான பருத்தி அரைக்கால் சட்டை. முதல் நாளின் அளவுகளைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அன்றைக்கு ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய் நின்றிருந்தேன்.

நான் எதிர்பார்த்தது நேர்கோட்டில் ஏறும் எண்களை: கனம் கூடக் கூடச் சூடு கூடும் என்று. முன்தொடையில் அப்படித்தான் இருந்தது. இருபது நிமிட முடிவில் 16 அவுன்ஸில் 27 டிகிரி, 13 அவுன்ஸில் 25.5, 10 அவுன்ஸில் 22.5. பின்பக்கம் வேறு கதை. 16, 13 இரண்டிலும் 31. மூன்று முறை திரும்பச் செய்தேன். அரை டிகிரி அங்கே இங்கே போனதே தவிர இரண்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை. 10 அவுன்ஸ் 29.

கொஞ்ச நேரம் வெப்பமானியைத் திட்டிவிட்டு, பிறகு காகிதத்தை எடுத்தேன். 19.5 செ.மீ. துணியைத் தின்று 1.9 செ.மீ. மட்டுமே வெளியே காட்டுகிறது ஒரு மடிப்பு. அப்படியானால் பின்னால் எந்த இடத்தில் ஊசியால் குத்தினாலும் சராசரியாகப் பத்து அடுக்குத் துணி! 5 கெஜச் சிவப்பில் மடிப்பு 3.5 செ.மீ. காட்டுகிறது, அங்கே ஐந்தரை அடுக்கு. முன்னால் மூன்று கில்ட்டுக்குமே இரண்டே அடுக்கு. பத்து அடுக்குக் கம்பளியும் நடுவே சிறைப்பட்ட காற்றும் இருக்கிற இடத்தில் ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் தடித்தால் என்ன, மெலிந்தால் என்ன? உடம்பு அங்கே ஏற்கெனவே மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கச் சூடு கெஜத்தால் வருகிறது. அவுன்ஸுக்கு வேலை இருப்பது முன்னால் அந்த இரண்டு அடுக்கில்தான்.

இதை அம்மையாரிடம் ஏதோ கண்டுபிடித்தவனைப் போலச் சொன்னேன். "அதனால்தான் என் அப்பா அடுப்புக்கு முகத்தைக் காட்டி நிற்பார், மற்றவர்கள் முதுகைக் காட்டுவார்கள்" என்றார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தைக்கப்பட்ட கில்ட்டுகளில் சுமார் 4 கெஜம்தான் இருக்கும். அகலமான பெட்டி மடிப்புகள். அடுத்த நூற்றாண்டில்தான் மடிப்புகள் குறுகி, கெஜம் ஏறியது. நான் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு ராணுவ மிடுக்குக்காகச் சேர்ந்த துணியிலிருந்து வருகிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சரி, முன்பக்கத்தின் நாலரை டிகிரி பெரிய விஷயமா? நிற்கும்போது இல்லை. காற்று வந்தால் பெரிய விஷயம்.

காற்றுக்குக் கால்டன் குன்றைத் தேர்ந்தேன். நகர நடுவிலேயே இருக்கிறது, வீட்டுக்கு ஓடிவர வசதி. 1829இல் பணம் தீர்ந்து பாதியில் நின்றுபோன நினைவுச் சின்னம் ஒன்று அங்கே உண்டு. பன்னிரண்டு பெரிய தூண்கள், அவற்றுக்கிடையே காற்று பீறிட்டு வரும். சிவப்புக் கில்ட்டோடு தூண்களுக்கு இடையில் நின்றேன். முன்துணி முதல் வீச்சிலேயே எழும்பியது. ஸ்போரன் என்கிற தோல்பை நடுவில் அழுத்தினாலும் அதன் இரண்டு பக்கமும் துணி காதுபோல விரிந்து, உள்ளே காற்றை அள்ளிக்கொண்டது. அந்த நொடியில் வெப்பமானி 22இலிருந்து 17க்கு இறங்கியது. துணியின் கனம் தடுத்து நிறுத்துவது குளிரை மட்டும் அன்று; துணியே எழும்பி உள்ளிருக்கும் சூடான காற்றைக் கொட்டிவிடுவதைத்தான் அது முதலில் தடுக்கிறது. 13 அவுன்ஸ் கில்ட்டில் ஓரம் படபடத்தது, எழும்பவில்லை. 16 அவுன்ஸ் ஓரம் என் முழங்காலைத் தட்டிவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான்.

சிவப்பை அடக்க ஓர் உபாயம் செய்தேன்: கில்ட் ஊசியை இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினேன். உட்கார்ந்து எழுந்தபோது 'சர்' என்று ஒரு சத்தம். ஊசி மேலடுக்கில் மட்டும்தான் இருக்க வேண்டும். அது ஓரத்துக்கு எடை தருவதற்கு, பூட்டுவதற்கு அன்று. அதன் பலன் விரல்நகம் அகலக் கிழிசல் ஒன்று. இந்த முறை தைப்பதற்கு நூலை எங்கிருந்து உருவ வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு கனமான ஊசி ஒன்றை மேலடுக்கின் கீழ்மூலையில் குத்தியதில் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆர்தர்ஸ் சீட் என்கிற குன்றின் உச்சிக்கும் ஒருநாள் போனேன், 251 மீட்டர், 16 அவுன்ஸில். ஏறும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இடுப்பில் தொங்குகிறது என்பது தெரியவே இல்லை. இடுப்பில் அகலமாக இறுகப் பிடித்திருப்பதால் எடை ஓரிடத்தில் உறுத்துவதில்லை. காற்சட்டையைப் போல முழங்காலில் இழுப்பும் இல்லை. லுங்கியில் பழகிய எனக்குச் சிரமம் ஒன்றே ஒன்று: செங்குத்தான இடத்தில் கை தானாகக் கீழே போய்ப் பிடித்து மடித்துக் கட்டத் தேடியது. கில்ட்டை மடித்துக் கட்ட முடியாது.

மழைச் சோதனை திட்டமிட்டதன்று. எடின்பரோவில் அதைத் திட்டமிடத் தேவையில்லை. ஒரு மணி நேரச் சாரலில் 16 அவுன்ஸ் கில்ட் 400 கிராம் கூடியிருந்தது. இன்னொரு நாள் அதே மாதிரிச் சாரலில் 10 அவுன்ஸ் 250 கிராம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தோலுக்கு நனைந்த உணர்வைத் தராது என்பார்கள். கனமானதில் இதை நன்றாக உணர்ந்தேன்: வெளியே நீர்த்துளிகள் நின்றன, உள்ளே தொட்டால் உலர்ந்திருந்தது. மெல்லியது தொடையில் ஒட்டியது. ஆனால் உலர்த்துவதில் கணக்கு தலைகீழ். கனமானது ஒன்றரை நாள் தொங்கியும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருந்தது. மெல்லியது மறுநாள் காலையில் தயார். கனமானதின் இன்னொரு குற்றம், நனைந்தபின் அதன் கீழ்விளிம்பு. கில்ட்டின் கீழே மடித்துத் தைப்பதில்லை. நெசவின் கரையே ஓரம். நடக்க நடக்க அந்த ஈரக் கரை முழங்காலின் பின்புறத்தை ராவியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவந்த கோடு. முதல் உலகப்போரில் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் (ஹைலேண்ட்) படைப்பிரிவினரின் கில்ட் ஓரங்களில் சேறு ஏறி உறைந்து முழங்காலை அறுத்ததாகப் படித்திருக்கிறேன். மடிப்புக்குள் பேன் வேறு. எனக்கு ஒரு மணி நேரம், அவர்களுக்குக் குளிர்காலங்கள்.

உள்ளரங்கு பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது, ஏனென்றால் கில்ட் அணிபவர்களில் பெரும்பாலோர் அதை அணிவது திருமணத்துக்கும் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25ஆம் தேதி நடக்கும் பர்ன்ஸ் இரவு விருந்துக்கும்தான். மூன்று மணி நேரம் விருந்து, பிறகு கேய்லி (ceilidh) என்கிற கூட்டு நடனம். அந்தப் பர்ன்ஸ் இரவுக்கு 16 அவுன்ஸில் போனேன். கால்களுக்கு ஒன்றும் இல்லை. கீழே திறந்திருப்பதால் ஒவ்வொரு சுழற்சியிலும் காற்று உள்ளே போய் வருகிறது. வெந்தது இடுப்பு. இடுப்பெலும்புக்கு இரண்டு அங்குலம் மேலே வரை ஏறும் பட்டை, கேன்வாஸ், லைனிங், அதன்மேல் கம்பளி வெய்ஸ்ட்கோட், அதற்கும் மேலே கோட்டு. இரண்டாவது நடனத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனால் சுழலும்போது அந்தப் பின்கொசுவம் நான் நின்ற பிறகும் அரைச் சுற்றுக் கூடுதலாகப் போய்த் திரும்பி வந்து காலைத் தொட்டது. அந்த ஆட்டத்துக்காக வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிப்ரவரியில் வேறொரு விருந்துக்கு 13 அவுன்ஸில் போனேன். வியர்வை கணிசமாகக் குறைவு. ஆட்டம் சற்றுக் குறைவு, மோசமில்லை. சிவப்பை அணிந்துகொண்டு ஆடியபோது அது சுழலவில்லை, பறந்தது. இரண்டும் வேறு வேறு.

உட்காருவதிலும் வித்தியாசம் உண்டு. உட்காருமுன் புறங்கையால் மடிப்புகளைக் கீழே தடவி விட்டுக்கொண்டே அமர வேண்டும், சேலை கட்டியவர்கள் பேருந்தில் அமர்வதைப் போல. பேருந்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து எழுந்தபின் 16 அவுன்ஸ் கில்ட்டைத் தொங்கவிட்டால் இரவுக்குள் சுருக்கம் தானே நீங்கிவிடுகிறது. 13க்கு ஆவி காட்ட வேண்டும். 10க்கு ஓட்டுத்தையல், ஈரத் துணி, இஸ்திரி என்று முழுச் சடங்கும். ஐந்தே கெஜமானாலும் அதைத்தான் அதிகமுறை தேய்த்தேன்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு சங்கடமான உண்மையையும் பதிவு செய்கிறேன். பிப்ரவரி நடுவில் மெல்லிய கால்மேசோட்டைக் கழற்றிவிட்டு, முழங்காலுக்குக் கீழே மடித்து விடும் தடித்த கம்பளிக் கால்மேசோடு வாங்கினேன். அதே புல்வெளி, அதே இருபது நிமிடம், 13 அவுன்ஸ் கில்ட். எண்ணில் தொடை அரை டிகிரிதான் ஏறியது. ஆனால் குளிரவில்லை. உடம்பு 'போதும், உள்ளே போகலாம்' என்று கெஞ்சும் அந்தப் பதினைந்தாவது நிமிடம் வரவே இல்லை. மூன்று அவுன்ஸ் கூட்டுவதற்கு ஒரு புதுக் கில்ட் வேண்டும்; இதற்கு ஒரு ஜோடி மேசோடு.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால், ஒரே ஒரு கில்ட்தான் என்றால் 13 அவுன்ஸ், ஆனால் 8 கெஜம். துணியைக் குறைத்துக் கனத்தைக் கூட்டும் பேரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பேன். வெளியே நடப்பவர், காற்றில் நிற்பவர், குழலிசைக் குழுவோடு தெருவில் போகிறவர் 16க்குப் போகலாம். 10 அவுன்ஸ் கோடைக்கும் வெப்ப நாடுகளுக்கும் சரி, கடற்கரைத் தேவாலயத்துக்கு வேண்டாம். நான் கறுப்பை வைத்துக்கொண்டேன். 13ஐ வரும் நவம்பரில் மாப்பிள்ளைத் தோழராகப் போகும் இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். கொடுப்பதற்குமுன் பக்கிளை நகர்த்தித் தைக்க வேண்டும், அவர் என்னைவிட நாலு அங்குலம் பெரிய இடுப்பு.

மார்ச் கடைசியில் கறுப்புக் கில்ட்டைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய் அம்மையாரிடம் காட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். துளைகள் இருந்த இடத்தைத் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. என் வெப்பமானிக் கணக்குகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அதற்குள் அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"பதினேழாவது மடிப்பில் மஞ்சள்... இல்லை, பச்சைக் கோடு அரை நூல் கீழே இறங்கியிருக்கிறது. இது நீங்கள் தைத்ததா, பழையதா?"

நான் தைத்ததுதான்.

"அவிழ்த்துவிடுங்கள்" என்று கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். அன்றிரவே அவிழ்த்தேன்.